மூக்கைச் சொறிந்த பிணம்

டச்பாரில், டெரன்ஸ் பார்த்தலட்டின் தச்சுக் கொட்டிலுக்குள்
பகல் இரண்டு மணிக்கு
நள்ளிரவு பார்த்தோம்.
ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள்
பதினெட்டுப் பேர் செத்து முடிய வேண்டும்.

யன்னலுக்கு உரச்சாக்கு.
வெளியே ஜெனரேற்றர் மண்ணெண்ணெய் குடித்து இருமும்.
அது இருமும்போதெல்லாம் ரீவி சுருங்கி
நண்டு மனிதன் மெலிந்துபோவான்.

ஓம், நண்டு மனிதன்.
எந்த நாட்டுப் படமோ, கசற்றில் ஒட்டியிருந்த பெயர் உரிந்துவிட்டது.
கழிவு வாய்க்காலுக்குள் விழுந்த பல்வைத்தியர்
கொடுக்கு முளைத்து வருகிறார்,
காசு பாக்கி வைத்தவர்களைத் தேடி.
முதுகில் சிப் தெரியும்.
கொடுக்கு, சைக்கிள் ரியூப்.
அதை முதலில் கண்டுபிடித்தவன் வரதகுலம்,
தகப்பனுக்கு ஒட்டுக்கடை.
வெட்டிய தலை படிப்படியாக உருண்டு வந்து நின்று
ஏதோ சொல்லும்.
"பில்லை வீட்டுக்கு அனுப்பட்டாம்" என்பான் யூஜின்,
அந்தப் பாஷை அவனுக்கும் தெரியாது.
மரத்தூள் மூக்கில் ஏறத் தும்மித் தும்மிச் சிரித்தோம்.
ஐந்து பெடியன்கள், நான் ஒருத்தி.
வீட்டில் சொன்னது: கணக்கு ரியூசன்.

ஒன்பது தரம் அதை வாடகைக்கு எடுத்தது
நண்டுக்காக இல்லை.

சந்தைக் காட்சி. நிலமெல்லாம் கிடக்கிறார்கள்.
வலது மூலையில், தோடம்பழக் கூடையடியில்
பச்சைச் சட்டைக்காரன்.
வயிறு திறந்து, சொசேஜ் சரம் சரமாக வெளியே,
பலூடாச் சிரப் வழிய
கச்சிதமாகச் செத்திருக்கிறான்.
ஒரு இலையான் வருகிறது.
அவனுடைய கை எழும்பி
மூக்கைச் சொறிகிறது.
மறுகா செத்துப்போகிறான்.

திருப்பு, திருப்பு என்று கத்துவோம்.
டெரன்ஸ் திருப்புவான்.
இரண்டு தரம் சொறிகிறான் என்றேன்.
மூன்று என்றான் வரதகுலம்.
பந்தயம் ஒரு கொத்துரொட்டி.
பார்க்கப் பார்க்க நாடா தேய்ந்து
அந்த இடத்தில் மட்டும் மழை பிடித்துக்கொண்டது.

அந்த மாதம், பள்ளிக்கூடம் போகிற வழியில்
கிடந்தவர்களை நாங்கள் எண்ணவில்லை.
சைக்கிளை ஒருவரும் நிற்பாட்டவில்லை.
ஒருவரை மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தேன்.
முகத்தில் இலையான் இருந்தது.

நண்டு மனிதனை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

இருபத்தாறு வருடமாகத் தியேட்டரில் வேலை எனக்கு,
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்,
படம் ஓடாத தியேட்டர்.
இரத்தம் அந்த நிறமில்லை.
துணியில் காய்ந்தால் கித்துள் பாணி,
வாளியில் ஊறினால் தேத்தண்ணிச் சாயம்.
நைட் டியூட்டி முடித்து, குளித்து, தலை துவட்டியபடி
போனில் நான் தேடுவது
கோடரி, ரம்பம், கண்முழி மிதக்கிற சூப்.
"அங்க பார்க்கிறது காணாதா அம்மா?" என்கிறாள் மகள்.
அங்கே சிப் இல்லை, புள்ள.

நேற்றுக் கிடைத்தது அந்தப் படம்.
யாரோ பொறுமைசாலி
மழையெல்லாம் துடைத்து, நிறம் கூட்டிப் போட்டிருக்கிறான்.
இப்போது நண்டின் நூல்கள் தெரிகின்றன,
நூல் பிடிக்கிறவனின் மணிக்கூடும்.
சந்தை வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.
பச்சைச் சட்டையின் கீழே
வயிறு ஏறி இறங்குகிறது.
கொட்டிலில் எங்களுக்கு அது தெரிந்ததேயில்லை.
முழுக் காட்சியும், ஆள் ஆறுதலாக மூச்சு விட்டுக்கொண்டு,
சொசேஜைத் தடவி, உள்ளுக்குள் சிரித்தபடி.
சொறிந்தான்.
மூன்று தரம்.

கல்முனையில் டயர்க் கடைக்காரனுக்கு அனுப்பினேன்.
உடனே பதில்: "கொத்து.
முப்பத்துமூன்று வருட வட்டியோட, நண்டுக் கொத்து."

நித்திரைக்குப் போகும் நேரம்
இன்னொன்று வந்தது:
"ஒருக்காத் திருப்பிப் பாரன்.
நாலு மாதிரிக் கிடக்கு."